‘அறியமுடிகிறது’ என்றால் யாரால்?

தமிழ்த்துறையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மாணவர் முதலில் கற்றுக்கொள்வது தொல்காப்பியத்தையோ சுவடியியலையோ அல்ல. ‘நான்’ என்று எழுதக் கூடாது என்பதைத்தான். ‘கருதுகிறேன்’ என்று எழுதிக்கொண்டு போனால் நெறியாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துக் ‘கருதப்படுகிறது’ என்று மேலே எழுதுவார். ‘பார்த்தேன்’ என்பது ‘காணமுடிந்தது’ ஆகும். ‘எனக்கு விளங்கவில்லை’ என்பதற்கு ஆய்வேட்டில் இடமே கிடையாது. வாக்கியம் சின்னதாக, ஓடுகிற தமிழில் இருந்தால் ‘இது பத்திரிகை நடை’ என்று ஒதுக்கப்படும். இந்த விதிகளுக்கெல்லாம் சேர்த்து ‘ஆய்வு நடை’ என்று பெயர் வைத்திருக்கிறோம். காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: ஆய்வு புறவயமானது, அதில் ஆய்வாளரின் தலை தெரியக் கூடாது.

இந்த நம்பிக்கை தவறு. தமிழில் உழைத்துச் செய்த நல்ல ஆய்வேடுகள்கூட நெறியாளர், புறத்தேர்வாளர் இருவரையும் தாண்டி மூன்றாவது வாசகரை அடையாமல் நூலக அடுக்கிலேயே உறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம். யாருடைய ஆய்வேட்டிலிருந்தும் எடுத்ததல்ல, நானே புனைந்தது. ஆனால் கருத்தரங்க ஆய்வுக்கோவைகளைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய முகமாகத்தான் தோன்றும்: ‘சங்க காலத்தில் பெண்டிர் உயர்ந்த நிலையில் வைத்துப் போற்றப்பட்டுள்ளமையினைச் சங்க இலக்கியங்களின்வழி அறியமுடிகின்றது.’

யாரால் அறியமுடிகிறது? எந்தப் பாட்டிலிருந்து? எந்தப் பெண்டிர், அரசியா, விறலியா, உப்பு விற்கும் உமணப் பெண்ணா? போற்றியவர் யார்? இத்தனை கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இந்த வாக்கியம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கு வசதியாகவே கட்டப்பட்டிருக்கிறது. ‘போற்றப்பட்டுள்ளமையினை’ என்ற சொல்லில் போற்றியவர் காணாமல் போனார்; ‘அறியமுடிகின்றது’ என்பதில் அறிந்தவர் காணாமல் போனார். மிஞ்சியது ஒரு பெருமிதம் மட்டும். அதற்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை.

இதே பொருளைப் பற்றிப் பொறுப்பேற்று எழுதினால் எப்படி இருக்கும்? ‘சங்கப் புலவர்களில் பெண்பாற் புலவர் பலர் இருப்பதை வைத்து அக்காலப் பெண்களின் நிலை உயர்ந்திருந்தது என்று முடிவு செய்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. புறநானூறு 246-இல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணாக வேளைக்கீரையும் கல் படுக்கையுமாக வாழ்வதைவிட ஈமத்தீயே மேல் என்கிறாள். 248-இல் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் கைம்பெண்ணுக்கு, இளமையில் தழையாடையான அல்லி இப்போது உணவாகிறது. பாடும் உரிமை இருந்தது. கணவன் இறந்தபின் வாழும் உரிமை குறுகியிருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.’

இரண்டில் எதை மறுப்பது எளிது? இரண்டாவதைத்தான். பாடல் எண் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். ‘அரசி ஒருத்தியின் பாட்டை வைத்து எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகப் பேசலாமா?’ என்று கேட்கலாம். கருதுகிறேன் என்றவரைப் பிடித்து நிறுத்தி ‘ஏன் அப்படிக் கருதுகிறாய்?’ என்று கேட்கலாம். முதல் வாக்கியத்தை மறுக்கவே முடியாது. மறுத்தால் காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மறுக்க இடம் வைப்பதுதான் புறவயம். எழுதியவர் ஒளிந்துகொள்வதைப் புறவயம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இங்கே உடனே வரும் எதிர்வாதம், ‘அறிவியலில் அப்படித்தானே எழுதுகிறார்கள்?’ என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அறிவியல் கட்டுரைகளைப் படிப்பதில்லை என்பது என் ஐயம். ராயல் சொசைட்டியின் இதழ் 1665-இல் தொடங்கியது. அதில் 1672-இல் வெளிவந்த நியூட்டனின் ஒளி பற்றிய கட்டுரை, தாம் ஒரு முப்பட்டகக் கண்ணாடியை வாங்கி, அறையை இருட்டாக்கி, சாளரத்தில் சிறு துளையிட்டு என்ன பார்த்தார் என்பதைத் தன்மையிலேயே சொல்லிக்கொண்டு போகிறது. நம் ஊர்க்காரர்களையே எடுத்துக்கொள்வோமே. திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரரான கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31-ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பு ஒரு பக்கம்கூட வராது. நோபல் பரிசு வாங்கித்தந்த கண்டுபிடிப்பை அறிவித்த குறிப்பு அது. அதில் ‘நாம் இப்படி வைத்துக்கொண்டால்’ என்று தொடங்கி, ‘நாங்கள் செய்த சோதனைகள்’ என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். 1953 ஏப்ரல் 25 இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன கட்டுரையும் இரண்டு பக்கத்துக்குள் அடங்கியது; அதன் முதல் வாக்கியத்துக்கு எழுவாயே ‘நாங்கள்’தான்.

அறிவியல் கட்டுரைகளில் செயப்பாட்டு வினை பெருகிய காலமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது கரைந்துகொண்டிருக்கிறது. ‘நேச்சர்’ இதழே கட்டுரையாளர்களுக்குத் தரும் வழிகாட்டுதலில் செய்வினையில் எழுதச் சொல்கிறது. உலகெங்கும் சமூக அறிவியல் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக் கையேடு, தன்னைத் தானே ‘ஆய்வாளர்’ என்று படர்க்கையில் குறிப்பிட்டுக்கொள்வதைத் தவிர்க்கச் சொல்கிறது; நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகவே எழுதுங்கள் என்கிறது. கையேட்டிலிருந்து மேற்கோள் குறிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம், காற்புள்ளி எங்கே, ஆண்டு எங்கே என்று சண்டை போடுகிறோம். நடை பற்றிய அத்தியாயத்தை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

அடுத்த எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. ‘தன்னை முன்னிறுத்தாமை தமிழ் மரபு, தொல்காப்பியரே ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்றுதானே சொல்கிறார்?’ என்பார்கள். சொல்கிறார், உண்மை. ஆனால் அந்த வினைகளைக் கவனியுங்கள். என்ப, என்மனார் இரண்டும் செய்வினை. இதைச் சொன்னவர்கள் முன்னைப் புலவர்கள் என்று கருத்தை உரியவர் தலையில் ஏற்றிவிட்டுத்தான் நகர்கிறார் தொல்காப்பியர். இன்றைய மொழியில் சொன்னால் அது சான்று காட்டுதல். ‘என்று கூறப்படுகிறது’ என்று எழுதிவிட்டு யார் கூறினார் என்பதை அடிக்குறிப்பிலும் சொல்லாத ஆய்வேட்டுக்குத் தொல்காப்பியர் துணைக்கு வரமாட்டார்.

உரையாசிரியர்களிடம் போனால் நிலைமை இன்னும் தெளிவு. சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரை கண்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று மரியாதையோடு சுட்டி, அவர் சொன்னது ஏன் பொருந்தாது என்று இடத்துக்கு இடம் மல்லுக்கு நிற்கிறார். பரிமேலழகர் குறளுக்குப் பிறர் சொன்ன பொருளை எடுத்துவைத்து மறுக்கிறார். இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது நன்னூல். நூல் எழுதுபவருக்கு ஏழு மதம் சொல்கிறார் பவணந்தியார்: பிறர் கொள்கைக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, முதலில் உடன்பட்டுப் பின்னர் களைவது ஒன்று, தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் முரண்பட்டால் ஒரு பக்கம் துணிவது ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது ஒன்று, பிறர் கொள்கையோடு சேராமல் தன் கொள்கையில் நிற்பது ஒன்று. ஏழில் எதையும் ஆள் இல்லாமல் செய்ய முடியாது. நாட்டுவதற்கும் துணிவதற்கும் ஒருவர் வேண்டும். இந்த ஏழையும் எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய மாணவரிடம்தான், முனைவர் பட்டத்துக்கு வந்ததும் ‘நீ எந்தக் கருத்தும் சொல்லாதே, கருத்துகள் தாமாகப் பெறப்படும்’ என்கிறோம்.

அதே நன்னூல் நூலுக்குரிய குற்றம் பத்து என்று ஒரு பட்டியலும் தருகிறது. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வோர் இயலின் முடிவிலும் ‘இவ்வியலில் கூறப்பட்டவை’ என்று முன்சொன்னதையே மறுபடி அடுக்கி, கடைசியில் முடிவுரையில் மூன்றாம் முறையும் அடுக்கும் ஆய்வேட்டைப் பவணந்தியார் பார்த்திருந்தால் பதினொன்றாவது குற்றம் தேடியிருக்க மாட்டார். இருக்கிற பத்தே போதும்.

பதிப்பாசிரியர்களையும் விட்டுவிட முடியாது. சி.வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரைகளில் ஏடுகள் தொட்டால் நொறுங்கும் நிலையையும், கிடைத்த பிரதிகளின் சீர்கேட்டையும், தம் மனம் பட்ட பாட்டையும் மறைக்காமல் சொல்கிறார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியிலிருந்து தொடங்கி, எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று முகவுரைகளில் பதிவு செய்தார். அந்தத் தகவல்களில் ‘நான்’ இருப்பதால் பதிப்பின் நம்பகம் குறைந்துவிட்டதா? ஏடு கொடுத்தவர் பெயரும் ஊரும் தெரிவதால்தான் இன்றும் பாட ஆராய்ச்சி செய்பவர்கள் அந்த முகவுரைகளைத் தேடிப் படிக்கிறார்கள்.

பிறகு இந்த ஒளிந்துகொள்ளும் நடை எங்கிருந்து வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். தமிழ் பற்றிய தொடக்ககால முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-இல் முனைவர் பட்டம் பெற்ற மு. வரதராசனின் சங்க இலக்கியத்து இயற்கை பற்றிய ஆய்வேடும் ஆங்கிலமே. அந்தக் காலத்து ஆங்கிலக் கல்லூரி நடையின் செயப்பாட்டு வினைகள், பின்னாளில் தமிழில் ஆய்வேடு எழுதத் தொடங்கியபோது ‘படு’ சேர்ந்து இங்கே குடியேறின. தமிழ் இலக்கணம் அதை எளிதாகவும் ஆக்கவில்லை. நம் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். ‘கண்டேன்’ என்றாலே போதும், ‘நான்’ தனியாக வேண்டியதில்லை. ஆளை வெளியேற்றத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது. அதனால்தான் ‘காணப்படுகின்ற தன்மையினைக் கொண்டதாக அமைந்துள்ளது’ என்று நான்கு சொல்லைச் செலவழித்து ‘இருக்கிறது’ என்று சொல்கிறோம்.

இந்த நடை மிகக் கூடுதலாகக் கெடுத்தது கள ஆய்வை. ஒரு மாணவி ஒப்பாரிப் பாடல் சேகரிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். துக்கவீட்டுக்கு வெளியே, சாதாரண நாளில், யாரும் ஒப்பாரி பாட மாட்டார்கள். வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இரண்டு மூன்று முறை போய், வெற்றிலை வாங்கிக் கொடுத்து, தன் பாட்டி செத்த கதையைச் சொல்லி அழுதபின் ஓர் ஆச்சி, வீட்டுக்குள் வேண்டாம், வாய்க்கால் கரைக்கு வா என்று கூட்டிப்போய்ப் பாடுகிறார். கூடவே வந்த தம்பி கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. ஆம்பளைப் பிள்ளை முன்னால் சில வரிகள் வராது. மாணவி இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் பேச்சு இப்படித்தான் போகும்:

“இதெல்லாம் எதுக்கும்மா? ‘ஒப்பாரிப் பாடல்கள் கள ஆய்வின்வழித் திரட்டப்பட்டன’ன்னு ஒரு வரி போடு, போதும்.”

“ஐயா, தம்பி இருந்தப்போ ஆச்சி பாடின பாட்டு வேற, அவன் போனதுக்கப்புறம் பாடினது வேறங்க.”

“அதைப் பின்னிணைப்புல போட்டுக்கலாம். இயல்ல ‘நான் போனேன், நான் வந்தேன்’னு எழுதினா புறத்தேர்வாளர் என்ன சொல்வார்?”

பின்னிணைப்புக்குப் போனது வெறும் தகவல் அல்ல. அந்த ஆய்வின் கண்டுபிடிப்பே அதுதான். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறுகிறது என்பது ஒப்பாரியைப் பற்றிய முதல்தரமான செய்தி. சாதி, வயது, பால், உள்ளூரா வெளியூரா என்பதெல்லாம் தகவலாளி என்ன சொல்வார், எதை விழுங்குவார் என்பதைத் தீர்மானிக்கும். ‘திரட்டப்பட்டன’ என்ற ஒரே சொல் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது. புறவயம் என்ற பெயரில் தரவையே அழித்துவிட்டோம்.

மாற்று வழி தமிழில் இல்லாமலும் இல்லை. நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழைச் சுற்றிப் பாளையங்கோட்டையில் உருவான கூட்டம் நாட்டார் வழக்காற்றை எல்லோரும் படிக்கும் தமிழில் விவாதித்தது. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. கோயிலுக்கும் சுற்றியுள்ள சாதிகளுக்கும் உள்ள உறவைக் களத்தில் நின்று பார்த்த அந்த நூலைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் தேடி வாங்கிப் படித்தார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். அவருடைய வரலாற்று நூல்கள் இன்றும் அச்சில் இருப்பதற்குக் காரணம், சான்றை வைத்துவிட்டு ‘ஆகவே இப்படி’ என்று நேராகச் சொல்லிவிடும் அவருடைய துணிவும்தான்.

‘கடினமான பொருளைக் கடினமாகத்தான் எழுத முடியும்’ என்ற வாதத்துக்குப் பாதி உடன்படுகிறேன். கலைச்சொல் வேண்டும். ஒலியன், உருபன், உரிப்பொருள், பாடபேதம் என்பவற்றுக்குப் பதில் பேச்சுச் சொல் தேடுவது வீண் வேலை; துறைக்குள் இருப்பவர்களுக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. கனப்பது கலைச்சொல்லால் அல்ல, இரண்டு கலைச்சொற்களுக்கு இடையே அடைக்கப்படும் பஞ்சினால். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியல் ஆய்வாளர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே எழுத்தின் எளிய வடிவத்தையும், நீண்ட சொற்களைத் திணித்த வடிவத்தையும் வாசகர்களிடம் கொடுத்தபோது, திணித்ததை எழுதியவரைத்தான் அறிவு குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். கட்டுரைத் தலைப்பையே வேண்டுமென்று கடுஞ்சொற்களால் கட்டியிருந்தார் மனிதர். சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் அந்த ஆண்டே அவருக்குக் கிடைத்தது. இன்னொரு பக்கம், 1996-இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல், அர்த்தமற்ற சொற்கோவைகளைக் கனமான கோட்பாட்டு நடையில் எழுதி ‘சோஷியல் டெக்ஸ்ட்’ என்ற இதழுக்கு அனுப்பினார். அவர்கள் அச்சிட்டார்கள். பிறகு அவரே உண்மையை வெளியே சொன்னார். கனம் காவலாக நிற்கும் என்று நம்பினோமானால், அந்தக் காவலைத் தாண்டி எதுவும் உள்ளே வந்துவிடும்.

இன்னோர் அச்சம் நியாயமானது: ‘கட்டை அவிழ்த்துவிட்டால் மாணவர்கள் முகநூல் பதிவு மாதிரி எழுதுவார்களே?’ எழுதுவார்கள், சிலர். அதற்கு மருந்து திருத்துவது. தன்மை வினை என்றால் தற்பெருமை அல்ல. முன்னுரையில் தன் பிறந்த ஊரையும் படித்த பள்ளியையும் எழுத வேண்டியதில்லை. ‘சுவடி 1891-இல் படியெடுக்கப்பட்டது’ என்று படியெடுத்தவர் தெரியாத இடத்தில் எழுதுவதில் தவறு ஒன்றும் இல்லை. அங்கே செயப்பாட்டு வினைதான் நேர்மை. யார் செய்தார் என்று தெரிந்தும், அதுவும் அந்த ‘யார்’ தானாகவே இருந்தும் மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நிறுவனங்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியீடும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி கேட்டது. விளைவு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள், கட்டுரைக்கு நான்கு பக்கம், பணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கனத்த ஆய்வுக்கோவை. அந்த நான்கு பக்கத்தில் முன்னுரையும் முடிவுரையும் ஒன்றரைப் பக்கத்தைத் தின்றுவிடும். ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்ற தொடக்கம் இல்லாத ஆய்வுக்கோவையைப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிவிக்கவும். 2022 விதி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. நடை மட்டும் நீங்கவில்லை. ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை என்று 2018-இல் கருத்துத் திருட்டு விதி வந்தது. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்களை எழுதச் சொல்லிவிட்டு, எல்லோருடைய வாக்கியமும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று மென்பொருளை வைத்துத் தேடுகிறோம். சொந்தக் குரலில் எழுதப் பழகியவர் திருடினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும், மென்பொருளே வேண்டாம்.

‘எனக்குச் சரிதான், புறத்தேர்வாளர் ஏற்க மாட்டார்’ என்று நெறியாளர் சொல்கிறார். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை, நெறியாளர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்’ என்று புறத்தேர்வாளர் சொல்கிறார். இருவருக்கும் சொல்கிறேன்: ‘நான்’ என்று எழுதக் கூடாது என்ற தனி விதி இருந்தால் அதை மாணவருக்கு எடுத்துக் காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் ‘இதில் உங்கள் பங்களிப்பு என்ன?’ என்று கேட்பது நீங்கள்தான். அந்த ‘உங்கள்’ ஆய்வேட்டில் எங்கே வர வேண்டும் என்று மாணவருக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த முறை ஓர் ஆய்வேட்டில் ‘கருதுகிறேன்’ என்று வந்தால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பக்க ஓரத்தில் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.